பத்து அங்குலப் பெட்டி

அத்தியாயம் 7

விடிந்தும் விடியாததுமாக வந்து, கேப்டன் இனாமுராவின் டிரைவர் ராஜரத்தினத்திடம் சொல்லிவிட்டுப் போன செய்தி இரண்டே வரிதான். சாயங்காலம் நாலு மணிக்குள் ஆளைக் காட்ட வேண்டும். காட்டினால், சயாமுக்குப் போன தம்பி வீட்டுக்கு வருவான்.

காட்டாவிட்டால் என்ன ஆகும் என்று டிரைவர் சொல்லவில்லை. ஜப்பான்காரன் எதைச் சொல்லாமல் விடுகிறானோ அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று அந்த நாளில் மலாக்காவில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். 1943, ஆகஸ்டு மாதம். கேப்டனின் காலண்டரில் 2603. வருஷத்தையே அறுநூற்று அறுபது தள்ளி வைத்துக்கொண்ட ஆசாமிகளிடம் சட்டமாவது நியாயமாவது.

ராஜரத்தினம் வெள்ளைக்காரன் காலத்தில் மப்டி போலீஸ். களவு போன ரப்பர் ஷீட்டிலிருந்து காணாமல் போன மாப்பிள்ளை வரைக்கும் கண்டுபிடித்தவர். வெள்ளைக்காரன் கப்பலேறிய பிறகு மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் வீட்டு முன்னாலேயே சைக்கிள் கடை போட்டிருந்தார். டயருக்குள் தோட்டத்து ரப்பர் குழாயைத் திணித்துக் கட்டிக் கொடுக்கிற கடை. அதில் அவருக்குக் கூட்டு சொக்கப்பன். ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பக்கம் ஒரு செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் முதலாளிக்கு அடுத்த நிலையில், அடுத்தாளாக இருந்தவன். கிட்டங்கி மூடியதும், "நான் பிறவியிலேயே அடுத்தாள்தான் அண்ணே. உங்களுக்கு அடுத்து நிக்கிறேன்" என்று வந்து ஒட்டிக்கொண்டான். வயது நாற்பதாகிறது. வாய்க்கு மட்டும் இன்னும் பதினெட்டுதான்.

விஷயம் இதுதான். சயாமில் போடுகிற ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க மாதம் ஒரு லாரி காஜா பெராங்குக்கு வரும். யார் யாரைத் தூக்குவது என்று கேப்டன் முதல் நாளே ஆபீசில் லிஸ்டு அடித்து வைப்பார். கடைசி மூன்று லாரியும் வெறுமனே திரும்பியது. ஒவ்வொரு தடவையும் லிஸ்டில் இருந்த முப்பது வீட்டிலும் ஆம்பிளைகளைக் காணோம். லிஸ்டு எப்படியோ வெளியே வருகிறது. கொண்டு வருகிற ஆள் யார்? அதுதான் கேள்வி. அடுத்த லிஸ்டை இன்றைக்கு நாலு மணிக்கு அடிக்கப் போகிறார்கள்.

ராஜரத்தினத்துக்கு இது பிடித்த வேலை இல்லை. காட்டிக் கொடுத்தால் அந்த ஆளின் தலை பாசார்ச் சந்தை முன்னால் கம்பத்தில் ஏறும் என்று அவருக்குத் தெரியும். டிரைவர் போன பிறகு வெகுநேரம் கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் தம்பி மருதமுத்து ஒரே தம்பி. பிப்ரவரி மாதம் கடைக்கு உப்பு வாங்கப் போனவனை நடுரோட்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தலை வேறு யாருடையதாகவோ இருக்கட்டும், தம்பி வந்தால் போதும் என்று கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

புறப்படும்போது தம்பி மனைவி கமலவேணி மக்காச்சோளத்தை வறுத்துப் போட்ட காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் அரிசி தீர்ந்தாலும் அவள் நெற்றியில் குங்குமம் தீர்ந்ததில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போய்க் கொஞ்சம் மடித்து வாங்கி வந்துவிடுவாள்.

"கேப்டன் நிஜமாவே அனுப்பிடுவாரா மாமா?" என்று கேட்டாள்.

"வாக்குக் குடுத்திருக்காரும்மா" என்றார் ராஜரத்தினம்.

சொக்கப்பன் தன் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். விளிம்புக்குக் கீழே ஊதா நிறத்தில் ஒரு பெருவிரல் தடம் பதிந்திருந்தது. மங்குஸ்தான் பழத்தையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய், எங்களுக்குக் காப்பி மட்டும்தானா என்று கிண்டல் செய்தான். கமலவேணி டம்ளரை வாங்கி முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கேப்டன் இருக்கிற கிளேபாங்குக்குப் போகிற வழியில், பழைய ரயில் பாதையை ஒட்டி இருவரும் சைக்கிளை மிதித்தார்கள். பாதை என்று பேர்தான். தம்பின் என்கிற ஊர் வரைக்கும் போன தண்டவாளத்தை ஜப்பான்காரன் பெயர்த்து, அதையும் சயாமுக்கே ஏற்றிவிட்டான். ஜல்லி மட்டும் கிடந்தது. நடுவில் யாரோ ஊபி என்கிற மரவள்ளிக்கிழங்கு நட்டிருந்தார்கள்.

சொக்கப்பன் பேசிக்கொண்டே வந்தான். நேற்றுப் பாசாரில் கேப்டனின் சமையல்காரன் ஒரே ஒரு மூட்டை ஊபிதான் வாங்கினானாம். அதனால் இன்றைக்கு லாரி வராது, நிம்மதியாக மிதிக்கலாம் என்றான். ராஜரத்தினம் விளங்காமல் பார்த்தார்.

"நாலு மூட்டை வாங்கினான்னா மறுநாள் முப்பது பேருக்கு வழிச்சாப்பாடு. லாரி வருதுன்னு அர்த்தம். மீன் விக்கிற சீனத்தி நொன்யா வரைக்கும் தெரியும் அண்ணே. நீங்க பெரிய துப்பறிவாளர், உங்களுக்குத்தான் இந்த மாதிரி சின்ன விஷயமெல்லாம் கண்ணுல படாது."

ராஜரத்தினம் மிதித்துக்கொண்டே போனார். அவருக்கு வேண்டியது ஒரு ஆள். ஊபி மூட்டையைப் பிடித்துக் கேப்டன் முன்னால் நிறுத்தித் தம்பியைக் கேட்க முடியுமா?

கேப்டன் இனாமுரா கடலைப் பார்த்த பங்களாவில், ஆபீஸ் அறைக்குப் பக்கத்து அறையில் இருந்தார். வாசல் காவலாளிக்கு இடுப்பு ஒடியக் குனிந்து, பைகளை உதறிக் காட்டி, சட்டையைத் தடவ விட்டு, இருவரும் உள்ளே போனார்கள். அறையின் நடுவில் பெரிய மேசை. மேசை முழுக்கப் பொம்மை ரயில்.

அந்த மனிதர் ஊரில் ரயில்வே இன்ஜினியராம். வெள்ளைக்காரன் விட்டுப்போன வீட்டில் ஒரு சாவி கொடுக்கிற இன்ஜின் அகப்பட்டது. பெட்டிகள் கடையில் கிடந்த மலிவுச் சரக்கு. ஐந்தரை அங்குலத் தகர டப்பாவில் ஜன்னலைப் பெயிண்டால் அச்சடித்துச் சக்கரம் மாட்டியது. கேப்டனுக்கு அது சகிக்கவில்லை. எங்கள் ஊர் எக்ஸ்பிரஸ் பெட்டிகள் நீளமாக, அழகாக இருக்கும் என்று இங்கிலீஷில் சொன்னார். அதனால் காஜா பெராங்கில் பொன்னுதுரை என்ற பழைய ஸ்டேஷன் மாஸ்டரிடம் எட்டு டப்பாக்களைக் கொடுத்து, இரண்டை வெட்டி ஒன்றாக ஒட்டி, நாலு நீளப் பெட்டி செய்து வாங்கியிருந்தார்.

சாவி கொடுத்தார். மூன்று பெட்டியோடு ரயில் வளைவில் வழுக்கிக்கொண்டு போனது. ஒட்டுப் போட்ட இடம் எங்கே என்று ராஜரத்தினம் குனிந்து தேடினார். தெரியவில்லை. ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கும் கம்பத்தில் வெட்டி, அந்தக் கோட்டிலேயே சேர்த்துப் பற்றவைத்து, மேலே வண்ணம் பூசியிருந்தான் கிழவன். கூரையை வேறொரு இடத்தில் வெட்டியிருந்தான். ஒட்டுமேல் ஒட்டு வராதபடி.

நாலாவது பெட்டி எங்கே என்று கேட்டார் ராஜரத்தினம்.

அதுதான் சாப்பாட்டுப் பெட்டி, டைனிங் கார், மற்றதைவிட ஒரு அங்குலம் நீளம், வளைவில் விழுந்துகொண்டே இருக்கிறது என்றார் கேப்டன். விழுந்தால் இஸ்திரி போட்ட துணியில் சுற்றித் தன் காரிலேயே கிழவனிடம் அனுப்புவார். கிழவன் இரண்டு நாளில் சரிசெய்து தருவான். மறுபடியும் விழும். நேற்று மாலையும் விழுந்தது, அனுப்பியாகிவிட்டது. இதைச் சொல்லும்போது மட்டும் அந்த முகத்தில் ஒரு மனிதனுக்குரிய வருத்தம் தெரிந்தது. அப்புறம் அது போய்விட்டது.

"உன் தம்பி எனக்கு ஒரு காகிதம்" என்றார். "நான் கையெழுத்துப் போட்டால் வருவான். நாலு மணி. டோக்கியோ நேரம்."

ராஜரத்தினம் வேலைக்காரர்களை வரிசையாக மனசில் நிறுத்தினார். லிஸ்டு அடிக்கிற கிளார்க்குகள் இரண்டு பேர். அடித்த நாளிலிருந்து லாரி வருகிற வரைக்கும் காம்பவுண்டைத் தாண்ட அவர்களுக்கு அனுமதி இல்லை. அடித்த மூன்று பிரதியும் அலமாரியில், பூட்டுச் சாவி கேப்டன் இடுப்பில். மிச்சம் சமையல்காரன், தோட்டக்காரன், டிரைவர், அப்புறம் துணி துவைத்து இஸ்திரி போட்டு, குப்பைக் கூடையைக் கவிழ்த்து அந்தக் காகிதத்திலேயே இஸ்திரிக் கரியை மூட்டுகிற பெண். இந்த நாலு பேருக்கும் இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. படிக்கத் தெரியாதவன் எதை எடுத்துக்கொண்டு போவான்? நாலு பேரையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டார். அந்த நாலாவது ஆள் தன் வீட்டுக் கமலவேணிதான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது.

முப்பது வருஷ அனுபவத்தில் அவர் செய்த பெரிய தப்பு அது. ஆனால் அந்த நேரத்தில் அது அவருக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது, ஆள்தான் வெளியே போகவில்லையே, அப்புறம் எதுதான் இந்த வீட்டிலிருந்து போகிறது என்று முனகினார்.

"மீன் முள்ளும் அந்த டப்பா வண்டியும்தான்" என்றான் சொக்கப்பன். "முள்ளையாவது காவக்காரன் கிளறிப் பாக்குறான். வண்டி கேப்டன் கார்ல மகாராஜா மாதிரி போகுது. அதைத் தொட எவனுக்குத் துணிச்சல் வரும்?"

ராஜரத்தினம் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி அப்படியே நின்றார். பிறகு டிரைவரிடம் போய், அந்தப் பெட்டி எந்தெந்தத் தேதியில் காரில் போனது என்று விசாரித்தார். ஜூன் பதினாலு. ஜூலை ஒன்பது. ஆகஸ்டு இரண்டு. லாரி வந்த தேதிகள் ஜூன் பதினைந்து, ஜூலை பத்து, ஆகஸ்டு மூன்று. லிஸ்டு அடித்து முடித்த களைப்புக்குக் கேப்டன் ரயில் விடுவார். ரயில் விட்டால் டைனிங் கார் விழும்.

நேரே காஜா பெராங்குக்குத் திரும்பினார்கள்.

பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பது வருஷம் ரயில்வேயில் உழைத்துக் கடைசியில் தன் ஸ்டேஷனையே தண்டவாளத்தோடு பறிகொடுத்தவர். பின்கட்டில் தாழ்வாரம் முழுக்கத் தகரத் துண்டும் அரமும் பற்றவைக்கிற ஈயமும். இவர்களைப் பார்த்ததும் பலகையில் இருந்த பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டார். முகத்தில் மாற்றம் இல்லை. துண்டு போட்ட வேகத்தில்தான் எல்லாம் இருந்தது.

"வாங்கோ தம்பி. கேப்டன் அனுப்பினவரோ?"

ராஜரத்தினம் குனிந்தார். சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கட்டியால் அரைவட்டமாக இரண்டு கோடு போட்டிருந்தது. கேப்டனின் மேசை வளைவு அச்சு அசலாக அங்கே இருந்தது. கோட்டின் ஓரத்தில் ஒரு மூங்கில் குச்சி. அதில் ஒன்பது அங்குலத்தில் ஒரு வெட்டு.

சொக்கப்பனிடம் குச்சியை எடுத்துக் கோட்டின் மேல் நகர்த்தச் சொன்னார். ஒன்பது அங்குலம் வரைக்கும் வைத்தால் குச்சி கோட்டுக்குள் அடங்கிப் போனது. பத்துக்கு வைத்தால் நடுப்பாகம் உள்பக்கம் துருத்தி, அந்த இடத்தில் கிடந்த செங்கல்லில் முட்டியது. மேசையில் அந்த இடத்தில்தான் ஸ்டேஷன் பிளாட்பாரம் இருந்தது.

"ஐயா, ஒம்பதுக்கு மேல போனா முட்டும்னு வெட்டுறதுக்கு முந்தியே அளந்து வெச்சிருக்கீங்க" என்றார் ராஜரத்தினம். "அப்புறமும் பத்து அங்குலத்துல செஞ்சிருக்கீங்க. நாப்பது வருஷம் வண்டி அனுப்பினவர் செய்யுற தப்பா இது?"

பொன்னுதுரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சொக்கப்பன் அதற்குள் துண்டை விலக்கிப் பெட்டியைக் கையில் எடுத்திருந்தான். கூரை தனியாகக் கழன்று வந்தது. வெளியே பத்து அங்குலம் இருக்கிற பெட்டிக்குள் குச்சியை விட்டான். ஒன்பதுக்கு வெட்டிய இடத்திலேயே குச்சி நின்றுவிட்டது.

"கிட்டங்கியில இப்படி உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னா மொதலாளி என்னை ஊருக்குக் கப்பல் ஏத்திருப்பாரு" என்றான்.

பலகைக்கு அடியில் இருந்த பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார் ராஜரத்தினம். எட்டுப் பெட்டியை ஒரு பக்கம் வெட்டினால் எட்டு முகப்புத் தகடு மிஞ்ச வேண்டும். ஆறுதான் விழுந்தது. மற்ற இரண்டும் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. டைனிங் காரின் இரண்டு முனையிலும், நிஜச் சுவருக்கு அரை அங்குலம் உள்ளே, சுவர் மாதிரியே நின்றுகொண்டிருந்தன. நகத்தால் நெம்பினார். ஒன்று பெயர்ந்து வந்தது.

உள்ளே சின்னதாக மடித்த தாள் ஒன்று. ஊதா நிறம். ஒரு பக்கம் மினுமினுவென்று, தொட்டால் விரலில் ஒட்டியது. டைப் அடிக்கும்போது பிரதி எடுக்க நடுவில் வைக்கிற கார்பன் தாள். மூன்று பிரதியை அலமாரியில் பூட்டியவன், பிரதி எடுத்த தாளைக் குப்பைக் கூடையில் போட்டிருக்கிறான்.

கூடையில் போட்டதை யார் கையில் எடுப்பது? இஸ்திரிக் கரியை மூட்டுகிறவள். பெட்டியைத் துணியில் சுற்றுகிறவளும் அவள்தான். அவளுக்குப் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஊதாத் தாள் எதுவாக இருந்தாலும் எடுத்துச் செருகினால் போதும்.

ராஜரத்தினம் தன் பெருவிரலைப் பார்த்தார். காலையில் டம்ளரில் இருந்த அதே கறை. சொக்கப்பனும் பார்த்தான். கையிலிருந்த பெட்டியைப் பலகையில் மெல்ல வைத்தான்.

நாலு மணிக்குள் காட்ட வேண்டிய ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. காட்டினால் தம்பி வருவான். வந்து, என் பெண்டாட்டி எங்கே என்று கேட்பான்.  ராஜரத்தினம் செங்கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ளையைக் குடுத்துடாதேங்கோ" என்றார் பொன்னுதுரை மெல்ல. "மூண்டு லாரிக்கும் தொண்ணூறு பேர் தப்பினவங்கள். தன்ர மனுசனைக் காப்பாத்தேலாமப் போட்டுது, மற்றவளின்ர மனுசனையாவது காப்பாத்துறன் எண்டு வந்தவள். நான் இண்டைக்கு இன்னும் திறந்து பாக்கேல்லை. முதல்ல வாசியுங்கோ, யார் யாருக்குச் சொல்லி அனுப்ப வேணும் எண்டு பாப்பம்."

ராஜரத்தினம் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். புதுத் தாள், ஒரே ஒரு தடவை அடித்தது. எழுத்து விழுந்த இடமெல்லாம் வெளிச்சம் புகுந்து நன்றாகத் தெரிந்தது. இருபத்திரண்டு பெயர்கள். ஆனால் ஆள் பிடிக்கிற லிஸ்டில் இருக்க வேண்டிய வீட்டு விலாசமும் வயதும் இல்லை. ஒவ்வொரு பேருக்கும் எதிரே ஒரு முகாமின் எண், ஒரு தேதி, காலரா, ஜுரம், காலரா.

பிடிக்கப் போகிறவர்களின் லிஸ்டு இல்லை இது. பிடித்துக்கொண்டு போனவர்களில் திரும்பி வராதவர்களின் லிஸ்டு.

பதினாலாவது வரியில் அவர் விரல் நின்றது. மருதமுத்து, காஜா பெராங், மலாக்கா. ஜூன் பதினொன்று. காலரா. அடியில், பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக அழுத்திப் போட்ட கேப்டனின் சின்னக் கையெழுத்து கார்பனிலும் விழுந்திருந்தது. நேற்றைய தேதி.

கேப்டனுக்கு நேற்றே தெரியும். தெரிந்துகொண்டுதான் இன்றைக்கு விடியற்காலையில் டிரைவரை அனுப்பியிருக்கிறான்.

 தாளை வாங்கிப் பார்த்த பொன்னுதுரை, தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பெண் தன் தாலியின் கதையைத் தன் கையாலேயே மடித்து, சுற்றி, வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறாளே என்று நினைத்தபோதுதான் ராஜரத்தினத்துக்கு நெஞ்சு வெடித்தது. பெரிய ஆம்பிளை, முப்பது வருஷப் போலீஸ், முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். சொக்கப்பன் அவர் முதுகில் கையை வைத்தபடி நின்றான்.

பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளை அடுப்பில் போட்டார். பெயர்ந்த தகட்டை முன்பு இருந்த இடத்திலேயே லேசாக ஒட்டிக் கொடுக்கச் சொன்னார். பொன்னுதுரைக்குத் திகில். உள்சுவரை எடுத்துவிடலாமே, கேப்டன் அளந்து பார்த்தால் எல்லார் தலையும் போகுமே என்றார்.

"எடுத்துட்டா அடுத்த முப்பது பேருக்கு யாரு சொல்றது?" என்றார் ராஜரத்தினம். "ஒட்டுங்க ஐயா. நேரமாகுது."

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கிளேபாங் பங்களாவில் சொக்கப்பனோடும் பெட்டியோடும் நின்றார். ஆள் எங்கே என்று கேப்டன் கேட்டார். ஆள் இல்லை மாஸ்டர், மூட்டை என்றார் ராஜரத்தினம்.

காலையில் சொக்கப்பன் சொன்னதை, அவன் சிரித்துக்கொண்டு சொன்னதைச் சிரிக்காமல் சொன்னார். லாரிக்கு முதல் நாள் நாலு மூட்டை ஊபி. முப்பது பேருக்கு வழிச்சாப்பாடு கட்டச் சொல்லி உங்கள் உத்தரவு. சமையல்காரன் உத்தரவைச் செய்கிறான். பாசார் முழுக்க எண்ணிக்கொள்கிறது.

கேப்டன் தலையை ஆட்டினார். லாரி வருவது தெரியலாம், பேர் எப்படித் தெரியும் என்றார். லிஸ்டில் இருந்தவன் மட்டும்தானே ஓடுகிறான்?

"அப்படின்னு யாரு சொன்னது மாஸ்டர்? உங்க ஆளுங்க முப்பது வீட்டுக் கதவைத்தான் தட்டினாங்க. முப்பத்தோராவது வீட்டைத் தட்டியிருந்தா அங்கயும் ஆம்பிளை இல்ல. ஊருல ஒருத்தருமே இல்ல."

 கேப்டன் சார்ஜெண்டைக் கூப்பிட்டு ஜப்பானில் ஏதோ கேட்டார். சார்ஜெண்ட் விறைத்து நின்று, இல்லை என்று தலையசைத்தான். முப்பத்தோராவது கதவை எவனும் தட்டவில்லை. பளாரென்று அவன் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது.

அதே கையால் கேப்டன் டைனிங் காரை எடுத்தார். மேசை மேலிருந்த பித்தளை ஸ்கேலை வெளிப்புறத்தில் வைத்தார். பத்து. பிறகு கூரையைக் கழற்றினார். ஸ்கேலின் முனை பெட்டியின் வாய்க்கு வந்தது. சொக்கப்பன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"மாஸ்டர், ஒரு குத்தம் ஒத்துக்கணும்" என்றார் ராஜரத்தினம். ஸ்கேல் நின்றது. "கிழவர் உங்ககிட்டச் சொல்லப் பயந்துட்டாரு. இந்த வளைவுக்கு ஒம்பது அங்குலம்தான் தாங்கும். நடுப்பாகம் பிளாட்பாரத்துல முட்டுது. எத்தனை தடவை சரி பண்ணினாலும் விழும். ஒரு அங்குலத்தை வெட்டிடவான்னு கேக்கச் சொன்னாரு."

கேப்டன் ஸ்கேலைக் கீழே வைத்தார். இன்ஜினியர் கண்ணால் வளைவைப் பார்த்தார், பிளாட்பாரத்தைப் பார்த்தார். உண்மைதான் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. வெட்டக்கூடாது என்றார். எங்கள் ஊரில் டைனிங் கார்தான் நீளம், அதைக் குட்டையாக்கினால் அசிங்கம். வளைவைப் பெரிதாக்கவும் வழி இல்லை, தண்டவாளம் கிடையாது.

"விழட்டும்" என்றார். "விழுந்தால் அனுப்புகிறேன்."

கூரையை மூடிப் பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்தார். கண்ணாடி டம்ளரைத் துடைக்கிற மாதிரி அதன் மேல் இருந்த கைரேகையைக் கைக்குட்டையால் துடைத்தார். அப்புறம், நல்ல வேலை செய்தாய், உன் தம்பி அடுத்த மாதம் வருவான் என்றார்.

ராஜரத்தினம் இடுப்பு வரைக்கும் குனிந்தார். ரொம்ப நன்றி மாஸ்டர் என்றார். அந்த மூன்று சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று பக்கத்தில் நின்ற சொக்கப்பனுக்கு மட்டும்தான் தெரியும். திரும்பி வருகிற மூன்று மைலும் அவன் தன் சைக்கிளை அவர் சைக்கிளை ஒட்டியே மிதித்தான்.

வீட்டு வாசலில் கமலவேணி நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம் அப்போதுதான் வைத்தது போல இருந்தது. அதை அவள் அழித்தால் கேப்டன் அடுத்த நாளே கேட்பார், உனக்கு யார் சொன்னது என்று. அப்புறம் கூடை, கார்பன், பெட்டி, பொன்னுதுரை, அவள் எல்லாம் வெளியே வந்துவிடும். இந்தக் கணக்கை ராஜரத்தினம் வழியெல்லாம் போட்டுப் பார்த்திருந்தார். எப்படிப் போட்டாலும் அந்தக் குங்குமம் இருந்தாக வேண்டும்.

"என்ன சொன்னாரு மாமா?"

"அடுத்த மாசம்னு சொன்னாரும்மா."

அவள் கண்ணை மூடிக் கைகூப்பினாள். ராஜரத்தினம் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, அவள் பக்கம் பார்க்காமலேயே சொன்னார்.

"கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சுக்கம்மா. ஊதாக்கறை தெரியுது. அங்க யாரு கண்ணுலயாவது பட்டுடும்."

கமலவேணி அப்படியே நின்றாள். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்து, அதில் கோபம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டாள். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள்.

"நேத்து அனுப்புனதுல எத்தனை பேரு மாமா?"

"இருபத்திரண்டு."

"எல்லாருக்கும் சொல்லியாச்சா? தப்பிச்சுடுவாங்களா?"

சொக்கப்பன் கடைக்குள் போய், எந்த வேலையும் இல்லாத ஒரு சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தான்.

"தப்பிச்சுட்டாங்கம்மா" என்றார் ராஜரத்தினம். "இனிமே அவங்களை யாராலயும் பிடிக்க முடியாது."

அவள் முகம் மலர்ந்தது. விளக்கேற்ற நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு, எலுமிச்சம்பழம் பறிக்கப் பின்பக்கம் போனாள்.